வாரம் ஒரு வித்தை: குறி பார்ப்பது கண் அல்ல, கால்!

கோயில் திருவிழாவிலோ கடற்கரையிலோ பலூன் சுடும் கடையைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பலகையில் வரிசையாகக் குத்திய பலூன்கள், ஒரு பழைய ஏர் கன், ஒரு டப்பா குண்டு. துப்பாக்கி கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். ஒரு கண்ணை இறுக மூடி, தம் கட்டி, பலூனையே முறைத்துப் பார்த்து, குறி நேராக வந்துவிட்டது என்று தோன்றும் நொடியில் வெடுக்கென்று விசையை இழுப்பார்கள். பலூன் ஜம்மென்று அப்படியே இருக்கும். ‘அண்ணே, துப்பாக்கி சரியில்லண்ணே!’

துப்பாக்கி சரியில்லாமலும் இருக்கலாம். ஆனால், ஒரு ரைஃபிள் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றிருந்தால் அதற்குள் நான்கு தவறுகளை எண்ணியிருப்பார். கண்ணை மூடியது, தம் கட்டியது, பலூனை முறைத்தது, விசையை வெடுக்கென்று இழுத்தது.

ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்குத் தனிநபர் பிரிவில் முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்த விளையாட்டு, 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதில் துல்லியமாகச் சுடுவதற்கான அடிப்படைகள் என்னென்ன? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

எவ்வளவு சின்ன இலக்கு?

10 மீட்டர் என்பது ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ‘இவ்வளவு பக்கத்தில் சுடுவது பெரிய விஷயமா?’ என்று நினைக்கலாம். இலக்கு அட்டையில் இருக்கும் எல்லா வளையங்களையும் சேர்த்தாலே குறுக்களவு 45.5 மி.மீ.தான். நடுவில் இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 0.5 மி.மீ. நீங்கள் இப்போது படிக்கும் இந்த வரியின் முற்றுப்புள்ளியை ஒரு பஸ் நீளத்துக்குத் தள்ளி வைத்ததாகக் கற்பனை செய்யுங்கள்.

சுடும் குண்டின் குறுக்களவு 4.5 மி.மீ. அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டால் 10. இதிலும் தசம மதிப்பெண் உண்டு. விளிம்பில் தொட்டால் 10.0, மிகச் சரியாக மையத்தில் விழுந்தால் 10.9. ஒவ்வொரு 0.1-க்கும் நடுவே உள்ள இடைவெளி கால் மில்லிமீட்டர்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால் நன்றாகப் புரியும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் எடுத்தார். ஒரு குண்டுக்குச் சராசரியாக 10.5. அதாவது, குண்டுகள் மையத்தைவிட்டு விலகியது சராசரியாக ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அப்படிச் சுட்டும் அவருக்குக் கிடைத்தது 10-வது இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது 8 பேர் மட்டுமே.

துப்பாக்கியின் பின்பக்கக் குறிக்கும் முன்பக்கக் குறிக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கக் குறி ஒரு தலைமுடி அளவுக்கு, அதாவது 0.1 மி.மீ. நகர்ந்தால், 10 மீட்டர் தாண்டி அது 1.25 மி.மீ. தவறாக மாறிவிடும். 10.9 ஆக வேண்டியது 10.4 ஆகிவிடும். ஒரு முடியளவு என்று நாம் பேச்சுக்குச் சொல்வது இங்கே நிஜமான கணக்கு!

இவ்வளவு நுணுக்கமான வேலையைக் கடைசி நொடியில் கையால் சரிசெய்துவிட முடியாது. இந்த வித்தையின் மையமே இதுதான். விசையைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதற்கான படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தாங்க வேண்டியது எலும்பு

போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். இதைக் கையின் பலத்தால் தூக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கிவிடும்.

நம் ஊரில் தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்களைக் கவனியுங்கள். குடத்தைக் கையில் தொங்கவிட்டால் பத்தடி போவதற்குள் தோள் வலிக்கும். அதையே இடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை பேசிக்கொண்டே நடந்துவிடலாம். பாரம் இறங்கும் இடம் இடுப்பெலும்பு, கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. ரைஃபிளும் அப்படித்தான்.

வலது கைக்காரர் என்றால் இலக்குக்கு இடது பக்கத்தைக் காட்டி, பக்கவாட்டில் நில்லுங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கட்டும். முழங்கால் நேராக இருக்கலாம், விறைப்பு வேண்டாம். இடது முழங்கையை இடது இடுப்பெலும்பின் மேல் ஊன்றுங்கள். துப்பாக்கியின் எடை உள்ளங்கை, முன்கை, இடுப்பு, கால் என்று நேராகத் தரைக்கு இறங்க வேண்டும். முன்னால் இழுக்கும் எடையைச் சமன்செய்ய மேல் உடம்பு சற்றுப் பின்னால் சாயும். தசைக்கு இங்கே வேலை குறைவு. இதனால்தான் ஒல்லியான பள்ளி மாணவிகள்கூட இந்த விளையாட்டில் கலக்குகிறார்கள்.

தலையைத் துப்பாக்கியை நோக்கிக் குனியக் கூடாது. துப்பாக்கிதான் கன்னத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கன்னம் ஒரே இடத்தில் பதிய வேண்டும்.

2. கண்ணை மூடி ஒரு சோதனை

தலைப்பில் சொன்ன விஷயம் இதுதான். துப்பாக்கியை எடுத்து இலக்கை நோக்கிப் பிடித்துவிட்டீர்கள். இப்போது கண்ணை மூடுங்கள். ஒருமுறை நிதானமாக மூச்சை இழுத்து விட்டு, உடம்பைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். குறி எங்கே நிற்கிறது?

பெரும்பாலும் இலக்கைவிட்டு நகர்ந்திருக்கும். உங்கள் உடம்பு இயல்பாகப் பார்க்கும் திசை அதுதான். இவ்வளவு நேரம் கைத் தசைகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. விசை விடுபடும் நொடியில் தசை கொஞ்சம் தளர்ந்தாலும் குழல் பழைய திசைக்கே ஓடிவிடும்.

புதிதாகக் கற்பவர் இந்த இடத்தில் கையால் குழலைத் தள்ளி நேராக்குவார். தேர்ந்தவர் காலை நகர்த்துவார். குறி வலது பக்கம் போயிருந்தால், பின்னங்காலை மிகச் சிறிதளவு நகர்த்தி உடம்பை மொத்தமாகத் திருப்ப வேண்டும். மறுபடி கண்ணை மூடி, மூச்சு விட்டு, திறந்து பார்க்க வேண்டும். குறி தானாக இலக்கில் வந்து நிற்கும் வரை இதே வேலைதான். போட்டியில் சுடத் தொடங்குவதற்கு முன் தயாரிப்புக்கும் சோதனைக் குண்டுகளுக்கும் 15 நிமிடம் தருவார்கள். பலர் அதில் நல்ல பங்கைச் செலவழிப்பது இப்படிக் காலைச் சரிசெய்வதற்குத்தான்.

3. இலக்கு மங்கலாகத் தெரியட்டும்

முதலில் உங்கள் ஆதிக்கக் கண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு இப்போதே செய்யலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வருகிற மாதிரி வையுங்கள். அதன் வழியாக இரு கண்களாலும் எதிர்ச் சுவரில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது கைகளை அசைக்காமல் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள் அப்படியே இருக்கிறதோ, அதுதான் ஆதிக்கக் கண். வலது கைக்காரர்கள் சிலருக்கு இடது கண்ணாக இருக்கும். அப்படி இருந்தால் முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றொரு கண்ணை இறுக மூட வேண்டாம். அந்த இறுக்கம் குறிபார்க்கும் கண்ணையும் களைப்படையச் செய்யும். அதற்குப் பதிலாக, மூட வேண்டிய கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைத் தடுப்பை மாட்டிக்கொள்வார்கள்.

ஏர் ரைஃபிளில் கண்ணுக்கு அருகே ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம் இருக்கும். துளைக்கு நடுவில் வளையம், வளையத்துக்கு நடுவில் இலக்கின் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டமாக எல்லாம் ஒரே மையத்தில் அமைய வேண்டும்.

ஆனால், கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். விரலை முகத்துக்கு முன் நீட்டிப் பாருங்கள். விரல் தெளிவானால் சுவர் மங்கும். எதைத் தெளிவாகப் பார்ப்பது? முன்பக்க வளையத்தைத்தான்! இலக்கு லேசாக மங்கலாகத் தெரிந்தால் போதும். இலக்கையே முறைத்தால், வளையம் முடியளவு நகர்ந்தது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

4. மூச்சுக்கு ஒரு சின்ன ஓய்வு

மூச்சை இழுத்தால் நெஞ்சு உயரும், குழல் நகரும். அதற்காகத் தம் கட்டக் கூடாது. நாம் இயல்பாக மூச்சு விடும்போதே, வெளியே விட்ட பிறகு அடுத்து இழுப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி தானாக வரும். அந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டி, அதற்குள் சுட வேண்டும்.

எவ்வளவு நேரம்? சுமார் 6 முதல் 8 விநாடிகள். அதற்கு மேல் போனால் உடம்பில் நடுக்கம் கூடும், கண் பார்வையின் கூர்மை குறையும். ‘இன்னும் ஒரே ஒரு விநாடி, சரியாக வந்துவிடும்’ என்று மனசு கெஞ்சும். அதை நம்பக் கூடாது. துப்பாக்கியை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

5. விசையை இழுக்காதீர்கள், அழுத்துங்கள்

துப்பாக்கியை அசையாமல் பிடிக்க உலக சாம்பியனாலும் முடியாது. குறி எப்போதும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். அனுபவசாலியின் ஆட்டம் சிறியது, அவ்வளவுதான். புதிதாக வந்தவர், ஆட்டத்தின் நடுவே குறி மையத்தைக் கடக்கும் நொடிக்காகக் காத்திருந்து ‘இப்போ!’ என்று இழுப்பார். அந்த இழுப்பில் துப்பாக்கி முழுதும் அதிரும்.

நர்ஸ் ஊசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மருந்தை ஒரே குத்தாக ஏற்றாமல் ஒரே சீரான வேகத்தில் அழுத்துவார். விசையும் அப்படித்தான். விரலின் நுனிச் சதையை மட்டும் விசையில் வைத்து, நேராகப் பின்னோக்கி, சீராக அழுத்த வேண்டும். மற்ற விரல்களில் இறுக்கம் கூடக் கூடாது. ஆட்டம் சிறியதாக இருக்கும்போதே அழுத்தம் நடந்துகொண்டிருக்க வேண்டும். இந்த நொடியில் வெடிக்கும் என்று உங்களுக்கே துல்லியமாகத் தெரியாமல் வெடித்தால், அது நல்ல குண்டு.

6. சுட்ட பிறகும் அசையாதீர்கள்

‘டப்’ என்று சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி, எங்கே பட்டது என்று பார்க்கத்தான் தோன்றும். ஏர் ரைஃபிள் குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். குழலுக்குள் குண்டு ஓடும் நேரத்தில் துப்பாக்கி அசைந்தாலும் அது இலக்கில் தெரிந்துவிடும். சுட்ட பிறகும் ஒன்றிரண்டு விநாடிகள் அதே நிலை, அதே பார்வை, அழுத்திய விரல் அப்படியே இருக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்து மட்டையைவிட்டுப் போன பிறகும் ஷாட்டை முழுமையாக முடிப்பார்களே, அதே விஷயம்தான்.

இன்னொன்று. முதல் சில வாரங்களில் மையத்தைத் தேடாதீர்கள். கொத்தைத் தேடுங்கள். ஐந்து குண்டுகளும் ஓரமாக ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அது நல்ல செய்தி. குறியின் திருகைச் சில ‘கிளிக்’ திருப்பினால் மொத்தக் கொத்தும் மையத்துக்கு வந்துவிடும். ஐந்தும் ஐந்து திசையில் போய், ஒன்று மட்டும் 10-ல் விழுந்திருந்தால் அது அதிர்ஷ்டம். அதைத் திருகு சரிசெய்யாது.

ஒரு குண்டு, ஒரு தங்கம்

இதையெல்லாம் பல ஆயிரம் முறை செய்து பழகியவர்களுக்கும் கடைசி நொடி ஆபத்தானது. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் கதை அதற்குச் சாட்சி.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி. கடைசிக் குண்டு மட்டும் பாக்கி. சுமாராகச் சுட்டாலே தங்கம் என்ற அளவுக்கு முன்னிலையில் இருந்தார். சுட்டார். அவருடைய திரையில் எதுவும் வரவில்லை. 2-வது பாதையில் நின்றவர், 3-வது பாதையின் இலக்கைச் சுட்டிருந்தார்! மதிப்பெண் பூஜ்யம். முதல் இடத்திலிருந்து எட்டாவது இடம். வழக்கமாகக் குறியின் வழியே பாதை எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இலக்குக்கு இறங்குவார். அன்று தன்னை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே கவனம் இருந்ததால் அந்த ஒரு படி விட்டுப்போனது.

2008 பெய்ஜிங். அதே போட்டி, மறுபடியும் கடைசிக் குண்டு, மறுபடியும் முன்னிலை. இம்முறை அவர் தயாராவதற்கு முன்பே விரல் விசையில் பட்டுவிட்டது. 4.4. மறுபடியும் கையைவிட்டுப் போனது தங்கம்.

அதே பெய்ஜிங்கில், அதே மாதத்தில், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்று. கடைசிக் குண்டுக்கு முன் நம் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலை. ஹாக்கினன் சுட்டது 9.7. பிந்த்ரா சுட்டது 10.8. இறுதிச் சுற்றில் பிந்த்ரா சுட்ட 10 குண்டுகளில் ஒன்றுகூட 10-க்குக் கீழே இறங்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஏதென்ஸ் இறுதிச் சுற்றில் இதே பிந்த்ரா ஏழாவது இடம்தான் பிடித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எம்மன்ஸ் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: ஏதென்ஸில் அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை கேத்தரினாவைப் பின்னாளில் திருமணம் செய்துகொண்டார். 2010-ல் தைராய்டு புற்றுநோய் வந்தது. அதிலிருந்து மீண்டு, 2012 லண்டனில் அதே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். பாரிஸில் 10-வது இடத்தோடு திரும்பிய நம் இளவேனிலும் 2025 ஆசிய சாம்பியன்ஷிப்பில் 253.6 புள்ளிகளோடு தங்கம் வென்றார். போன குண்டைத் திரும்பக் கூப்பிட முடியாது. அடுத்த குண்டை மட்டும்தான் சுட முடியும்.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர்களுக்கு...

முதல் நாளே துப்பாக்கி வாங்கக் கிளம்பாதீர்கள். போட்டித் தரத்திலான ரைஃபிள்களின் விலை லட்சங்களில் இருக்கிறது. ரைஃபிள் கிளப் அல்லது அகாடமியில் அவர்கள் தரும் துப்பாக்கியிலேயே பழகலாம். எத்தனை வயதில் சேர்ப்பார்கள், கட்டணத்தில் குண்டும் அடக்கமா, விறைப்பான கோட்டும் ஷூவும் எப்போது தேவைப்படும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று கவனியுங்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே கருத வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த மூன்றும் முதல் பாடமாக இல்லாத இடம் உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். ஏர் கன்தானே என்ற அலட்சியம் ஒரு கண்ணையே பறித்துவிடும். வீட்டு மாடியில் பறவையைக் குறிபார்ப்பது விளையாட்டே அல்ல. பல பறவைகள் விஷயத்தில் அது சட்டப்படி குற்றமும்கூட.

துப்பாக்கி இல்லாமல் வீட்டிலும் பழகலாம். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது, மூச்சின் இடைவெளியை உணர்ந்து எண்ணுவது, ஒவ்வொரு நாளும் செய்ததை நோட்டில் எழுதுவது என இவை மூன்றுக்கும் செலவே இல்லை.

பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை பத்து அடிச்ச?’ என்பதுதான். அதை மாற்றிப் பாருங்கள். ‘சரியா வரலைன்னு இன்னிக்கு எத்தனை தடவை சுடாம இறக்கி வெச்ச கண்ணு?’ என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் இன்னும் பழக வேண்டும். பத்துத் தடவை என்றால், உங்கள் பிள்ளை சுடக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.